கல்லூரியில் உங்களுக்கு எந்தக் கணிதம்?

விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் இரயில் பாதையில், திருச்சுழியைக் கடந்தால் நரிக்குடி வரும். வானம் பார்த்த பூமி அது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் கண்மாய் பெருகும்; கண்மாய் பெருகினால் வயலில் நெல் நிற்கும். மழை பொய்த்தால் சீமைக் கருவேலந்தான் மிச்சம். ஆகவே, அங்கே கண்மாய்க் கரையில் வந்து நிற்கும் பெரியவர் எவரும் முதலில் பார்ப்பது நீர் மட்டத்தைத்தான்.

மாணவ நண்பர்களே! நீங்களும் அந்தக் கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சிறிது காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிடுவீர்கள். “கல்லூரியில் என்ன படிக்கப் போகிறாய்?” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். “இயற்பியல்”, “கம்ப்யூட்டர்”, “பி.காம்.” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறீர்கள். “அந்தப் படிப்பில் என்ன கணிதம் வரும்?” என்று யாரும் கேட்பதில்லை, நீங்களும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், முதலாண்டில் பலரைத் திணற வைப்பதும், பிற்காலத்தில் பலருக்குக் கைகொடுப்பதும் அந்தக் கணிதமே.

பள்ளியில் கணிதம் ஒரே பாடம். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். கல்லூரியிலோ அது பல பாடங்களாகப் பிரிந்து நிற்கிறது. ‘எனக்குக் கணக்கு வரும்’, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்வது அங்கே போதாது. எந்தக் கணக்கு என்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்க விரும்பும் கேள்வி எதுவோ, அதைப் பொறுத்தே உங்களுக்கு வேண்டிய கணிதமும் அமைகிறது. இதை அந்தக் கண்மாயிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

முதல் கேள்வி இதுதான். ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். இங்கே தரும் எண்கள் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. மடையருகே, மிக ஆழமான இடத்தில், நீரின் ஆழம் 1 மீட்டராக இருக்கும்போது தண்ணீர் 10 ஹெக்டேர் பரப்பில் நிற்கிறது. ஆழம் 2 மீட்டரானால் 30 ஹெக்டேர்; 3 மீட்டரானால் 50 ஹெக்டேர்; கண்மாய் நிறைந்து 4 மீட்டரானால் 80 ஹெக்டேர்.

கண்மாய் ஒரு பெட்டி போல நேராக இருந்தால், பரப்பை ஆழத்தால் பெருக்கி முடித்துவிடலாம். ஆனால், அது ஒரு பக்கம் சாய்ந்த தாம்பாளம் போன்றது. மேலே போகப் போக விரிந்துகொண்டே செல்கிறது. எனவே நீரை ஒவ்வொரு மீட்டர் தடிப்புள்ள அடுக்குகளாக வெட்டிப் பார்ப்போம். ஒவ்வோர் அடுக்குக்கும் அடிப்பரப்பு, மேற்பரப்பு இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டால், கீழிருந்து மேலாக 5, 20, 40, 65 ஹெக்டேர்-மீட்டர் கிடைக்கும். கூட்டினால் 130 ஹெக்டேர்-மீட்டர்; அதாவது 13 இலட்சம் கன மீட்டர் தண்ணீர்.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். மொத்தம் 130-இல், மேல் அடுக்கு ஒன்றில் மட்டும் 65 இருக்கிறது. சரிபாதி! ஆகவே, நீர் மட்டம் 4 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு இறங்கினால், கண்ணுக்கு முக்கால் கண்மாய் தெரியும்; கணக்குப்படி அரைக் கண்மாயே மிஞ்சியிருக்கும். மட்டம் 2 மீட்டரானால், பாதி ஆழம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. மீதமிருப்பது 25 ஹெக்டேர்-மீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை நம்பி இன்னொரு போகம் நட்டால் கதிர் வரும் நேரத்தில் பயிர் காயும்.

இவ்வாறு ஒரு பொருளை மெல்லிய அடுக்குகளாக்கிக் கூட்டும் முறைக்கே தொகை நுண்கணிதம் என்று பெயர். அடுக்குகளை மேலும் மேலும் மெல்லியதாக்கினால் விடை மேலும் மேலும் துல்லியமாகும். பொறியியல் படிக்கப் போகிறவர்கள் முதலாண்டிலேயே சந்திக்கும் கணிதம் இது.

எவ்வளவு வேகமாக வற்றும்?

மடையைத் திறக்கவே இல்லை என்று கொள்வோம். தரை உறிஞ்சுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். வெயிலில் ஆவியாகும் நீரை மட்டும் பார்ப்போம். கண்மாயின் நீர்ப்பரப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு அதிகமாக நீர் ஆவியாகும். அப்படியானால், நிறைந்த கண்மாயில் மட்டம் வேகமாக இறங்கும், குறைந்த கண்மாயில் மெதுவாக இறங்கும் என்றுதானே தோன்றுகிறது?

அது தவறு. பரப்பு இருமடங்கானால் ஆவியாகும் நீரும் இருமடங்காகும். ஆனால், ஒரு மில்லிமீட்டர் மட்டம் இறங்குவதற்குப் போக வேண்டிய நீரும் இருமடங்காகிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் மட்டம் ஒரே சீராக இறங்கும். கண்மாயின் வடிவம் எதுவானாலும் இது மாறாது. நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முப்பது நாளில் 18 சென்டிமீட்டர். நிறைந்த நம் கண்மாயில் அது ஏறத்தாழ 14 ஹெக்டேர்-மீட்டர் தண்ணீர். ஒரு வயலுக்கும் பாயாமலே, மொத்த நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வானத்துக்குப் போய்விடுகிறது.

‘எவ்வளவு’ என்று கேட்காமல் ‘எந்த வேகத்தில் மாறுகிறது’ என்று கேட்பது வகை நுண்கணிதம். மாறும் வேகத்தைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பொருளையே கண்டுபிடிப்பது வகைக்கெழுச் சமன்பாடு. சூடான தேநீர் ஆறுவது, கதிரியக்கத் தனிமம் சிதைவது, ஊஞ்சல் ஆடுவது ஆகிய யாவும் இந்தச் சமன்பாடுகளில் அடங்கும். இயற்பியல் மாணவருக்கு இது தாய்மொழி போன்றது. இயற்பியலை விரும்பிக் கணிதத்தை வெறுக்க முடியாது.

அடுத்த ஆண்டும் பெருகுமா?

இதற்கு நுண்கணிதம் பதில் சொல்லாது. கடந்த பத்து ஆண்டுகளில் நம் கண்மாய் நான்கு முறை நிறைந்தது என்று கொள்வோம். அப்படியானால், ஓர் ஆண்டில் நிறையாமல் போவதற்கான நிகழ்தகவு 0.6 என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நிறையாமல் போவதற்கு? 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.216. ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ‘மூன்று வருஷம் தொடர்ந்து காய்வது அபூர்வம்’ என்று எண்ணியிருந்தவருக்கு இது அதிர்ச்சி தரும் விடை.

ஆனால், நல்ல புள்ளியியல் மாணவர் இந்தப் பெருக்கலோடு நிற்கமாட்டார். “ஓர் ஆண்டின் மழைக்கும் அடுத்த ஆண்டின் மழைக்கும் தொடர்பே இல்லை என்று எப்படித் தெரியும்? பத்தே ஆண்டுகளின் கணக்கு போதுமா?” என்று கேட்பார். இந்தக் கேள்விகளே புள்ளியியல். தாவரவியல், விலங்கியல், உளவியல், பொருளியல், வணிகவியல், வேளாண்மை என்று எதைப் படித்தாலும் இது உங்களைத் தேடி வரும். ஒரு புதிய மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா, ஒரு புதிய விதை உண்மையிலேயே அதிகம் விளைகிறதா என்பதை வேறு எந்த வழியாகத் தீர்மானிப்பது?

எந்தக் கண்மாய் முதலில்?

நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் பல தனித்தனியாக இருப்பவை அல்ல. மேலே உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்த நீர் வரத்துக்கால் வழியே கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். சில இடங்களில் ஒரு கண்மாயிலிருந்து இரண்டு கண்மாய்களுக்கும், இரண்டு கண்மாய்களிலிருந்து ஒன்றுக்கும் நீர் போகும். ஒரு தாளில் கண்மாய்களைப் புள்ளிகளாகவும் வரத்துக்கால்களை அம்புக்குறிகளாகவும் வரைந்து பாருங்கள். நீரின் அளவு, ஆழம், பரப்பு எதுவும் அந்தப் படத்தில் இல்லை. எது எதோடு சேர்கிறது என்பது மட்டுமே இருக்கிறது.

இந்தப் படத்தில் அம்புக்குறி வழியே நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடியுமா? முடியாது, நீர் மேடேறாது. அந்த ஒரு காரணத்தால், எல்லாக் கண்மாய்களையும் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் எழுதிவிட முடியும். தூர் வார வேண்டியிருந்தால் எந்தக் கால்வாயில் தொடங்குவது என்பதும் அந்த வரிசையிலிருந்தே தெரியும். கல்லூரியில் கிராஃப் தியரி என்று வழங்கும் கோட்டுருவியல் இது. தருக்கம், கணங்கள், எண்ணும் முறைகள் ஆகியவற்றோடு சேர்ந்து இது தனிநிலைக் கணிதம் என்னும் பாடமாகிறது. கணினி அறிவியல் இதன் மேல்தான் நிற்கிறது. கைப்பேசி உங்களுக்குக் குறுக்கு வழி காட்டுவதும் இத்தகைய புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டுதான். செயற்கை நுண்ணறிவு படிக்க விரும்புகிறவர்களுக்கு இதோடு அணிகள், நிகழ்தகவு, வகை நுண்கணிதம் மூன்றும் வேண்டும்.

ஏன்?

ஐந்தாவது கேள்வி கண்மாயைப் பற்றியதே அல்ல. முதல் கேள்விக்கு நாம் சராசரி எடுத்து 130 என்று கண்டோம். அதே எண்களைச் சிம்ப்சன் விதி என்னும் வேறொரு முறையில் போட்டால், 126.67 ஹெக்டேர்-மீட்டர் வருகிறது. எது சரி? ஏன் வேறுபடுகிறது? பிழை எவ்வளவுக்கு மேல் போகாது? விதியைப் பயன்படுத்தினால் போதும் என்று பொறியாளர் நகர்ந்துவிடலாம். ‘ஏன்’ என்று அங்கேயே நின்றுவிடுகிறவர் கணித மாணவர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களிலும் சிலர், கணிதப் பட்டப்படிப்பில் சேர்ந்த சில மாதங்களில் சோர்ந்துபோகிறார்கள். காரணம், அங்கே கணக்குப் போடுவது குறைந்து, நிரூபிப்பது கூடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். எண் 0 ஆனால் 41. 1 ஆனால் 43. 2 ஆனால் 47. 3 ஆனால் 53. எல்லாம் பகா எண்கள். தொடர்ந்து போங்கள். 39 வரை, நாற்பது முறையும் பகா எண்ணே வரும். ‘எப்போதும் வரும்’ என்று சொல்லிவிடலாமா? 40-ஐப் போட்டுப் பாருங்கள். 1681 வருகிறது. அது 41-இன் வர்க்கம். பகா எண் அல்ல! 1772-இல் ஆய்லர் என்னும் கணித மேதை எடுத்துக்காட்டிய கோவைகளுள் இந்த வகையும் ஒன்று. நாற்பது முறை சரியாக வந்தாலும் நிரூபணம் ஆகாது என்று இது நமக்குக் கற்பிக்கிறது.

இதைப் படித்தபோது உங்களுக்கு மகிழ்ச்சி உண்டானதா? அப்படியானால் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். ‘இதனால் என்ன பயன்?’ என்று தோன்றியதா? அதுவும் குற்றமில்லை. கணிதத்தைக் கருவியாகக் கொள்ளும் பாடம் ஒன்று உங்களுக்குப் பொருந்தும்.

முதலாண்டில் என்ன இருக்கும்?

தமிழகத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பின் முதலாண்டில் தமிழ், ஆங்கிலம் போக இரண்டு வகைப் பாடங்கள் இருக்கும். ஒன்று, மேஜர் என்று மாணவர்கள் சொல்லும் முதன்மைப் பாடம். மற்றது, அலைடு என்று சொல்லும் துணைப் பாடம். கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு, பெரும்பாலும் இயற்கணிதமும் முக்கோணவியலும், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், பகுமுறை வடிவகணிதம் ஆகியவை முதலாண்டில் வரும். நிரூபணமே உயிரான மெய்ப் பகுப்பாய்வும் நுண்புல இயற்கணிதமும் பிந்திய ஆண்டுகளில் வரும்.

உண்மையில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் துணைப் பாடத்தைத்தான். பல கல்லூரிகளில் கணித மாணவர்களுக்கு இயற்பியலா, புள்ளியியலா என்ற கேள்வி வரும். வேதியியல் மாணவர்களுக்குக் கணிதமா, உயிரியல் பாடங்களுள் ஒன்றா என்ற கேள்வி வரும். ‘எதில் மதிப்பெண் எளிது?’ என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து முடிவு செய்வதே வழக்கமாக இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேதியியலில் மருந்து, உயிர்வேதியியல் பக்கம் போக விரும்பினால் உயிரியல் உதவும். வினைகளின் வேகம், குவாண்டம் வேதியியல் என்று போக விரும்பினால் கணிதம் இல்லாமல் முடியாது. கணித மாணவர் தரவு, காப்பீடு, ஆய்வு நிறுவனங்கள் பக்கம் போக விரும்பினால் புள்ளியியல். இயற்கையின் விதிகளில் மனம் இருந்தால் இயற்பியல்.

சென்னைக் கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகம் போன்ற நிறுவனங்களில் நிலைமை சற்று வேறு. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. நிரூபணக் கணிதம் முதலாண்டிலேயே தொடங்கிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலாண்டில் முதன்மைப் பாடத்தை அறுதியிட வேண்டியதில்லை. ஆனால், ஒரே நுண்கணிதத்தை வேகத்திலும் ஆழத்திலும் வேறுபட்ட வகுப்புகளாக வைத்து, எதில் சேர்வது என்று மாணவரையே முடிவு செய்யச் சொல்வார்கள். ஆக, எந்த நாட்டிலும் இந்தக் கேள்வி மாணவரை விடுவதில்லை.

இரண்டு கதவுகள்

தமிழகத்தில் 1978-இல் மேனிலைக் கல்வி வந்தது. அதற்கு முன்பு பள்ளியை முடித்து, கல்லூரியின் புகுமுக வகுப்பில் சேரும்போதுதான் பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அந்த முடிவைப் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் கதவு அங்கேதான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் கணக்கில் குறைந்துபோனதால், அல்லது நண்பன் சேர்ந்த குரூப் என்பதால், கணிதமே இல்லாத பிரிவில் சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. பொறியியல், கணிதம், இயற்பியல் போன்ற பட்டப்படிப்புகளில் சேரப் பொதுவாக மேனிலை வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். கதவை மூடுவது பதினைந்து வயதில். அது மூடியிருப்பது தெரிவது பதினேழு வயதில். சிறிய ஊர்களில் இதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லாமல் இருக்கலாம். குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நீங்களாகவே இருக்கலாம். ஆகவே நீங்களே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற பாடம் மேனிலையில் இருக்கிறது. அது வணிகவியல், பொருளியல் போன்றவற்றுக்கு நல்ல அடித்தளம். ஆனால், பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ கணிதப் பாடத்தின் இடத்தை அது நிரப்பாது.

இரண்டாவது கதவு கல்லூரி முதலாண்டின் துணைப் பாடம். இது முதல் கதவைப்போல் முற்றிலும் மூடிவிடுவதில்லை. மேற்படிப்பில் சேரும்போது, மேனிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் ஒரு பாடமாக இருந்ததா என்று பார்க்கும் கல்லூரிகள் உண்டு. துணைப் பாடமாக எடுத்த கணிதம் அப்போது கைகொடுக்கும். எனவே, இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடினால், அதிகக் கதவுகளைத் திறந்து வைக்கும் கணிதத்தை எடுத்துக்கொள்வதே விவேகம்.

நால்வர் வரலாறு

1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் ஒரு மாணவர் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. அவர்தாம் சீனிவாச இராமானுஜன். பிறகு 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றதும், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் உலகறிந்தவை. ‘மற்றப் பாடங்களை விட்டாலும் மேதையாகலாம்’ என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. அந்தத் தோல்விகளால் அவர் வறுமையிலும் தனிமையிலும் ஆண்டுகள் பலவற்றைக் கழிக்க நேர்ந்தது. முப்பத்திரண்டே வயதில் மறைந்த ஒருவருக்கு அவை எத்தனை பெரிய ஆண்டுகள்!

சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படிக்கவே விரும்பினார். தந்தையின் விருப்பத்துக்கிணங்க இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்தார். ஆனால், அனுமதி பெற்றுக் கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். 1930-இல் பட்டம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, விண்மீன்களின் முடிவு பற்றிய தம் புகழ்பெற்ற கணக்கைத் தொடங்கினார். இயற்பியலையும் கணிதத்தையும் சேர்த்துக் கையாளத் தெரிந்ததால் வந்த கணக்கு அது. 1983-இல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விரும்பிய பாடம் கிடைக்காவிட்டாலும் அதன் வகுப்பறை வாசல் திறந்தே இருக்கிறது என்பதற்கு இவர் சான்று.

எம். எஸ். நரசிம்மன் 1932-இல் அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையில், ஒரு கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை இலயோலா கல்லூரியில் சேர்ந்தபோது, பிரான்சில் பயின்று வந்திருந்த ரசீன் பாதிரியார் அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தார். பாடத்திட்டத்துக்கு அப்பால் இருந்த புதிய கணிதத்தை அவர் மாணவர்களுக்குக் காட்டினார். அதே ஆசிரியரிடம் பயின்ற சி. எஸ். சேஷாத்ரியோடு நரசிம்மன் 1953-இல் பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. எந்தப் பாடம் என்பதோடு, யாரிடம் படிக்கிறோம் என்பதும் முக்கியம்.

எஸ். ஆர். சீனிவாச வரதன் 1959-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். தொழிற்சாலைப் பொருள்களின் தரக் கட்டுப்பாடு பற்றிப் படிக்கும் எண்ணத்தோடு கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனார். அங்கிருந்த இளம் ஆய்வாளர்களின் நட்பு அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டின் ஆழத்துக்கு இழுத்துச் சென்றது. மிக அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவை அளக்கும் அவருடைய கொள்கைக்காக, 2007-இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கண்மாய் காய்வதைப் பற்றி நாம் கேட்டோமே, அதன் பெரிய தம்பி போன்ற கேள்விகள் அவை! முதலில் எடுத்த பாடமே இறுதி முடிவு அல்ல என்பதை இவர் வாழ்க்கை காட்டுகிறது.

முடிவு செய்யும் முன்

மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் பாடத்திட்டத்தைக் கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ பெற்று, முதலாண்டுக் கணிதப் பக்கத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை, உங்கள் கணித ஆசிரியரிடம் கொண்டுபோய், “ஐயா, இதில் எங்கள் புத்தகத்தின் தொடர்ச்சி எது, புதிது எது?” என்று கேளுங்கள். சேர்க்கை விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே அந்தப் படிப்பில் இருக்கும் ஒரு மாணவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பள்ளியில் படித்து அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ கல்லூரிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருப்பார்கள். “எளிதா, கடினமா?” என்று கேட்காதீர்கள். “முதலாண்டில் எந்தக் கணக்கில் அதிக நேரம் செலவானது?” என்று கேளுங்கள். அவர்களுடைய குறிப்பேட்டை ஒரு நாள் வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, தமிழ் வழியில் படிக்கிறவர்கள் இப்போதே ஒரு சிறு குறிப்பேடு போடுங்கள். கல்லூரி வகுப்பில் லிமிட் என்று கேட்டால் அது எல்லை. டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு. மேட்ரிக்ஸ் என்றால் அணி. ப்ராபபிலிட்டி என்றால் நிகழ்தகவு. முதல் மாதத்தில் பலரைக் கலங்க வைப்பது கணிதம் அல்ல, இந்தப் பெயர்களே. நூறு சொற்கள் தெரிந்தால் அந்தப் பயம் நீங்கிவிடும். பொருள் உங்களுக்கு முன்பே தெரிந்ததுதான்.

முடிவில், நம் ஐந்து கேள்விகளுக்கே திரும்புங்கள். எவ்வளவு? எவ்வளவு வேகமாக? நிகழுமா, நிகழாதா? எது எதோடு சேர்கிறது? ஏன்? இவற்றுள் எந்தக் கேள்வி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறதோ, அதற்குரிய கணிதத்தைத் துணிந்து எடுங்கள். ஐந்தில் ஒன்றுகூட உங்களுக்குரியதாக இல்லாமல் போகாது.

நீங்களே முயன்று பாருங்கள்

1, 1+3, 1+3+5, 1+3+5+7 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்கள் வருகின்றன. எப்போதும் இப்படியே வருமா? 41-இன் கதையை மறந்துவிடாதீர்கள்! புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிப் பாருங்கள். மூன்றுக்கு மூன்று சதுரத்தை நான்குக்கு நான்காக ஆக்க, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று, மூலையில் ஒன்று, ஆக ஏழு கொட்டைகள் வேண்டும். நூறுக்கு நூறு சதுரத்தை அடுத்த சதுரமாக்க எத்தனை வேண்டும்? ஏன் அது எப்போதும் அடுத்த ஒற்றைப்படை எண்ணாகவே இருக்கிறது? காரணத்தை மூன்று வரிகளில் எழுதிவிட்டால், உங்கள் முதல் நிரூபணத்தை எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.